சிங்க் நிரம்பினால் முதலில் அடைப்பு எங்கே என்று பாருங்கள்

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் தண்ணீர் எப்படி வருகிறது என்று தவறாமல் கேட்பார்கள். மெட்ரோ வாட்டரா, போர் தண்ணீரா, சம்ப் எத்தனை லிட்டர், மோட்டாரை யார் போடுவது என்று எல்லாம் விசாரித்துவிடுவார்கள். வந்த தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது என்று கேட்கிறவர் அரிது. ஐப்பசி மழை பிடித்ததும், அல்லது உறவினர்கள் கூடிச் சாப்பிட்டுப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், அந்தக் கேள்வி தானாகவே சமையலறை சிங்க்கில் வந்து நிற்கும்.

உடனே கடைக்கு ஓடி, அடைப்பு நீக்கும் பொடி ஒரு பாக்கெட் வாங்கிக் கொட்டுவதுதான் வழக்கம். கரையவில்லை என்றால் இன்னொரு பாக்கெட். அதற்கும் அசையவில்லை என்றால் பிளம்பர். என் கட்சி வேறு. அடைப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை எதையும் ஊற்றாதீர்கள், எதையும் விட்டுக் குத்தாதீர்கள். அடைப்பு சிங்க்கின் அடியில் ஒரு சாண் தூரத்தில் இருக்கலாம். கேட்டுக்கு வெளியே தெருவிலும் இருக்கலாம். முதலாவது உங்கள் கைக்கு எட்டுகிற வேலை. இரண்டாவதை நீங்கள் பொடி போட்டுக் கரைக்க முடியாது.

தனி வீடு, அல்லது இரண்டு மூன்று மாடிகள் உள்ள சிறிய குடியிருப்பு ஆகியவற்றை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய அடுக்ககங்களில் பராமரிப்புக்கு ஆட்கள் இருப்பார்கள். அங்கே உங்கள் வீட்டுக்குள் இருக்கும் பகுதி மட்டுமே உங்கள் பொறுப்பு.

முதல் வேலை: பாதையைத் தெரிந்துகொள்வது

இதை அடைப்பு வருவதற்கு முன்பே, வெயில் நாளொன்றில் செய்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து கழிவுநீர் இரண்டு வழிகளில் வெளியேறுகிறது. சிங்க், வாஷ்பேசின், குளியலறைத் தரை, வாஷிங் மெஷின் ஆகியவற்றின் தண்ணீர் இரண்டரை அல்லது மூன்று அங்குலக் குழாயில் போகும். கழிப்பறைக்கு நான்கு அங்குலக் குழாய். முதல் வகைத் தண்ணீர் வெளிச்சுவருக்கு அருகே தரையில் உள்ள ஒரு சிறிய சதுரத் தொட்டியில் விழுந்து போகும். அதைக் கல்லி டிராப் என்பார்கள். மேலே ஒரு சல்லடைத் தட்டு இருக்கும். கழிப்பறைக் குழாய் நேராகச் சேம்பருக்குப் போகும். சேம்பர் என்பது குழாய்கள் சந்திக்கிற, திரும்புகிற இடங்களில் செங்கல்லால் கட்டி மூடி போட்ட தொட்டி. வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் வரிசையாக இரண்டு மூன்று இருக்கும். கடைசிச் சேம்பர் கேட்டுக்கு அருகில். அங்கிருந்து தெருவின் பாதாளச் சாக்கடைக்கு. பாதாளச் சாக்கடை வராத தெருவாக இருந்தால் செப்டிக் டேங்க்குக்கு. 2011-இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட புறநகர்ப் பகுதிகளில் செப்டிக் டேங்க் வீடுகள் இன்னமும் உண்டு. உங்கள் வீடு எந்த வகை என்று வீட்டு உரிமையாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சேம்பர் மூடிகளைத் தேடிப் பிடியுங்கள். தேட வேண்டியிருக்கும். பூந்தொட்டியை மேலே வைத்திருப்பார்கள், இரு சக்கர வாகனத்தை அதன் மேல்தான் நிறுத்துவார்கள். அழகுக்காக மேலே டைல்ஸ் ஒட்டி மறைத்தே விடுகிற வீட்டுக்காரர்களும் உண்டு. அந்த டைல்ஸை என்றைக்காவது ஒரு நாள் உடைக்கத்தான் போகிறார்கள், அதுவும் இடுப்பளவு அவசரத்தில்.

மூடிகள் தெரிந்தபின், ஒரு வாளியில் துணி துவைக்கும் பவுடரை நுரை பொங்கக் கலக்கி, சிங்க்கில் ஊற்றச் சொல்லிவிட்டு, ஒரு சேம்பரைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். நுரை வருகிறதா? வந்தால் சிங்க் இங்கேதான் சேர்கிறது. குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் இதையே செய்யுங்கள். ஒரு தாளில் கோடு கோடாக வரைந்து மின்சார மீட்டர் பெட்டியின் கதவுக்குள் ஒட்டிவிடுங்கள். அடுத்து வருகிற பிளம்பர் உங்களைக் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பார்.

தண்ணீர் எங்கே நிற்கிறது?

அடைப்பு வந்துவிட்டது. இப்போது மூன்று கேள்விகள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும்தான் நிற்கிறதா? சிங்க் நிற்கிறது, குளியலறையும் கழிப்பறையும் ஒழுங்காகப் போகின்றன என்றால், அடைப்பு சிங்க்கின் அடியிலோ அதன் தனிக் குழாயிலோ இருக்கிறது. வெளியே தேட வேண்டாம்.

ஓர் இடத்தில் ஊற்றினால் இன்னோர் இடத்தில் எழும்புகிறதா? வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றும்போது குளியலறைத் தரையின் ஓட்டையில் நுரை பொங்கினால், இரண்டும் சேர்ந்த பிறகு வரும் பொதுக் குழாயில் அடைப்பு.

எல்லாமே மந்தமா? கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டால் கோப்பையில் மட்டம் ஏறி, ‘களக் களக்’ என்று சத்தத்தோடு மெல்ல இறங்குகிறதா? அப்படியென்றால் சேம்பரில், அல்லது அதையும் தாண்டி. தரைத்தளத்தில் இருப்பவர்கள் இதை முதலில் அனுபவிப்பார்கள். நீங்கள் குழாயையே திறக்காதபோது உங்கள் குளியலறையில் தண்ணீர் ஏறினால் அது மாடி வீட்டுத் தண்ணீர். மாடியில் இருப்பவர்களிடம் ஓடிப் போய், அரை மணி நேரம் தண்ணீர் புழங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

எல்லாம் மந்தம் என்றால் சேம்பர்களை வரிசையாகத் திறக்க வேண்டும். விதி எளிது. வீட்டுக்கு மிக அருகில் உள்ள சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் அதற்கும் நடுவில். நிரம்பி இருந்தால் அடைப்பு அதற்கு அப்பால். அடுத்த சேம்பரைத் திறங்கள். நிரம்பிய சேம்பருக்கும் காலியான சேம்பருக்கும் நடுவில் உள்ள குழாயில்தான் அடைப்பு இருக்கிறது. கேட்டருகே உள்ள கடைசிச் சேம்பரும் நிரம்பி இருந்தால், அதிலிருந்து தெருவுக்குப் போகும் இணைப்பிலோ தெருக் குழாயிலோ அடைப்பு. அந்த இடத்தில் உங்கள் வேலை முடிந்து, தொலைபேசி வேலை தொடங்குகிறது. எண்களைக் கடைசியில் சொல்கிறேன்.

மூடியைத் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை. உள்ளே அழுகல் வாயு இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாக இருந்தால் மோப்ப சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் தெரியவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்கக் கூடாது. கடப்பாரையால் மூடியை நெம்பித் தள்ளிவிட்டு, விலகி நின்று, கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். குனிந்து தலையை உள்ளே நீட்டாதீர்கள். தீக்குச்சி, சிகரெட் அருகில் வேண்டாம். கனமான மூடி என்றால் இரண்டு பேர் தூக்குங்கள். திறந்த குழிக்குப் பக்கத்தில் குழந்தை ஒரு நிமிடம்கூடத் தனியாக நிற்கக் கூடாது.

சமையலறை சிங்க்

முதலில் நிற்கிற தண்ணீரைக் குவளையால் மொண்டு வாளியில் ஊற்றிவிடுங்கள். சிங்க்கின் அடியில் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டில் ஒன்று இருக்கும்.

ஒன்று, பாட்டில் டிராப். ஒரு கிண்ணம்போலத் தொங்கும். அதற்கு நேர் கீழே வாளியை வைத்து, கிண்ணத்தைக் கையால் இடப்பக்கமாகத் திருகினால் கழன்றுவிடும். உள்ளே இருப்பதைப் பார்த்தால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, ரப்பர் வாஷர் இடம் மாறாமல் திரும்ப மாட்டுங்கள். கழுவிய தண்ணீரை அதே சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள். கீழே குழாய் கழன்று கிடக்கிறது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

இரண்டாவது, வாடகை வீடுகளில் அதிகம் இருப்பது, வெள்ளை நிற நெளிவுக் குழாய். அதன் மடிப்பு ஒவ்வொன்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும். நீளமாக விட்டிருந்தால் நடுவில் தொய்ந்து அங்கேயே குழம்பு மண்டி உறைந்துபோகும். அதைக் குத்திச் சுத்தம் செய்ய முயன்றால் ஓட்டை விழும். கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கிப் போடுவதுதான் புத்திசாலித்தனம். விலை மிகக் குறைவு. தேவையான நீளத்துக்கு வெட்டி, தொய்வில்லாமல், ஆனால் ஒரு வளைவில் மட்டும் தண்ணீர் நிற்கும்படி மாட்டுங்கள். அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. தரையில் உள்ள குழாய்க்குள் அது நுழையும் இடத்தில் இடைவெளி இருந்தால் ரப்பர் வளையம் போட்டு மூடுங்கள்.

டிராப் சுத்தமாக இருந்தும் தண்ணீர் போகவில்லை என்றால் அடுத்தது ரப்பர் பிளஞ்சர். இதில் இரண்டு நுணுக்கம். ரப்பர் கிண்ணம் மூழ்கும் அளவுக்குச் சிங்க்கில் தண்ணீர் இருக்க வேண்டும். வெறும் காற்றை அழுத்திப் பயனில்லை. சிங்க்கின் மேல்விளிம்பில் உள்ள வழிவு ஓட்டையையும், இரட்டைச் சிங்க் என்றால் பக்கத்துத் தொட்டியின் ஓட்டையையும் ஈரத்துணியால் இறுக்கி அடைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்கிற அழுத்தமெல்லாம் அந்த வழியாகப் போய்விடும். அழுத்துவதைவிட இழுப்பதில் வேகம் காட்டுங்கள். பதினைந்து இருபது முறை விடாமல் செய்துவிட்டு, சட்டென்று தூக்கிப் பாருங்கள்.

அதற்கும் மசியாததற்கு ஸ்பிரிங் கம்பி. ஹார்டுவேர் கடைகளில் ஐந்து மீட்டர் நீளத்தில் கிடைக்கும். குழாய்க்குள் விட்டு, வலப்பக்கமாகச் சுழற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். தட்டுப்படும் இடத்தில் வேகமாகக் குத்தாமல் சுழற்றினால் அது வளைவைத் தாண்டிப் போகும், அல்லது அடைப்பில் கொக்கிபோல மாட்டிக்கொண்டு வெளியே வரும். தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். நான்கைந்து வாளி வெதுவெதுப்பான தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றி, இளகியதை முழுக்கத் தள்ளிவிட வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம். பிவிசி குழாய் அந்தச் சூட்டில் இளகி இணைப்பு விட்டுப்போகும்.

எதனால் அடைக்கிறது? சோறு வடித்த கஞ்சி ஆறும்போது கெட்டிப்படும். கிரைண்டர் கழுவிய மாவு, தேயிலைச் சக்கை, தேங்காய்ச் சிரட்டை நார், கறிவேப்பிலைக் காம்பு எல்லாம் அதில் வந்து ஒட்டும். இவற்றுக்கெல்லாம் தலைவர் எண்ணெய். கடலை எண்ணெய் உறையாதே என்று சிலர் வாதிடுவார்கள். குழாய்க்குள் எண்ணெய் சிதைந்து, தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து, சோப்புபோன்ற வெள்ளைக் கட்டியாகிறது. போர் தண்ணீர் கடினமாக உள்ள வீடுகளில் இது இன்னும் அதிகம். சேம்பரில் மிதக்கிற, கல்போல இறுகிய வெள்ளைப் பாளம் அதுதான். வாணலியைத் தேய்க்கும் முன் பழைய செய்தித்தாளால் ஒரு முறை துடைத்துவிட்டால் பாதி அடைப்பு வராது. கஞ்சியைச் செடிக்கு ஊற்றலாம், மாட்டுக்குக் கொடுக்க ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

குளியலறை

குளியலறைத் தரையில் உள்ள ஓட்டைக்குக் கீழே இருப்பதை நானி டிராப் என்பார்கள். சல்லடையைத் தூக்கினால் உள்ளே கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல ஒரு மூடி இருக்கும். தண்ணீர் வேகமாகப் போகட்டும் என்று அதை எடுத்து எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. எறிந்த நாளிலிருந்து கரப்பானும் நாற்றமும் குடிவந்துவிடும். அந்த மூடியும் அதைச் சுற்றி நிற்கிற இரண்டு அங்குலத் தண்ணீரும்தான் வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவில் உள்ள கதவு.

இங்கே அடைப்பு என்றால் அநேகமாகத் தலைமுடிதான். முடியின் மேல் சோப்புப் படிவு இறுகி ஒரு கயிறாகவே திரிந்திருக்கும். மூடியை எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு கையால் எடுங்கள். எட்டாததை, நுனியை வளைத்த கட்டுக்கம்பியால் இழுங்கள். உள்ளே தள்ளாதீர்கள். ஷாம்பு உறையின் கிழித்த மூலை, சோப்பின் கடைசித் துண்டு, குழந்தைகளின் பொம்மைச் சக்கரம் எல்லாம் இங்கே கிடைக்கும்.

தண்ணீர் ஒழுங்காகப் போகிறது, ஆனால் நாற்றம் அடிக்கிறது என்றால் அது அடைப்பே அல்ல. புழங்காத குளியலறையில் டிராப்பில் உள்ள தண்ணீர் வற்றியிருக்கும். வாரம் ஒரு முறை இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது வீடு நாறுவதற்கும் இதுதான் காரணம்.

தரையின் ஒரு மூலையில் எப்போதும் தண்ணீர் தேங்கினால் குழாயில் குற்றம் இல்லை, வாட்டத்தில்தான் குற்றம். கோலிக்குண்டு ஒன்றை உருட்டிவிட்டுப் பாருங்கள்; ஓட்டையை நோக்கிப் போகாமல் மூலைக்குப் போனால் தரையைத்தான் சரி செய்ய வேண்டும். அது வீட்டு உரிமையாளரின் செலவு.

கழிப்பறை

மட்டம் ஏறி நின்றால் மறுபடியும் ஃப்ளஷை அழுத்தாதீர்கள். பக்கத்தில் உள்ள, தண்ணீர் வரத்தை நிறுத்தும் ‘ஆங்கிள் காக்’ வால்வை மூடிவிட்டுக் காத்திருங்கள். மட்டம் இறங்கியதும், அரை வாளித் தண்ணீரை இடுப்பளவு உயரத்திலிருந்து ஒரே வீச்சாக ஊற்றினால் சாதாரண அடைப்பு போய்விடும். போகாவிட்டால், அடியில் நீண்ட விளிம்புள்ள கழிப்பறைப் பிளஞ்சர். சிங்க்குக்குப் பயன்படுத்துவதை இங்கே கொண்டுவர வேண்டாம், இங்குள்ளதை அங்கேயும் கொண்டுபோக வேண்டாம்.

நாப்கின், டயப்பர், ஈரத் துடைப்புத் தாள் ஆகியவை உள்ளே போகவே கூடாது. நாப்கினில் உள்ள உறிஞ்சும் பொருள் குழாய்க்குள் ஊதிப் பெருக்கும். அதைக் கம்பியால் தள்ளினால் அடுத்த வளைவில் போய் இன்னும் இறுகும். போய்விட்டது என்று தெரிந்தால் பிளம்பரைக் கூப்பிட்டு, விழுந்தது இன்னது என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். தெரிந்தால் அவர் கோப்பையைக் கழற்றி எடுப்பார். தெரியாவிட்டால் அவரும் தள்ளத்தான் செய்வார்.

பொடியும் ஆசிட்டும்

அடைப்பு நீக்கும் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. தண்ணீர் பட்டதும் சூடேறி, கொழுப்பையும் முடியையும் அரிக்கும். மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிற சிங்க்கில் அது பயன்படும், மறுக்கவில்லை. முற்றிலும் நின்றுபோன குழாயில் போட்டால் அங்கேயே தங்கிச் சூடேறும், கட்டியாக இறுகியும் போகும். பிறகு டிராப்பைக் கழற்றுகிறவரின் கையிலும் கண்ணிலும் தெறிக்கும். பொடி போட்டிருந்தால் பிளம்பரிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதைப் பிளீச்சிங் பவுடரோடு சேர்த்தால் குளோரின் வாயு வெளியேறும். ஜன்னல் இல்லாத குளியலறையில் அது மூச்சையே அடைத்துவிடும். காஸ்டிக் சோடாவோடு அமிலம் சேர்ந்தால் கொதித்துத் தெறிக்கும். ஒன்று பலிக்கவில்லை என்று அடுத்ததை ஊற்றுவதுதான் வீட்டு விபத்துகளுக்குக் காரணம். சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றி நுரை பொங்குவதை வீடியோக்களில் காட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஒன்றையொன்று முறித்துக்கொண்டபின் மிஞ்சுவது உப்புத் தண்ணீர்தான். அடைப்பு அங்கேயே இருக்கும்.

சேம்பர்

நிரம்பியது எது, காலியானது எது என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம். நீளமான மூங்கில் பிளாச்சு அல்லது தடித்த ஸ்பிரிங் கம்பி வேண்டும். காலியான சேம்பரில் குழாயின் வாய் கண்ணுக்குத் தெரியும் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து, மேலே தரையில் நின்றபடியே, நிரம்பிய சேம்பரை நோக்கி விட்டுக் குடைவது எளிது. அடைப்பு உடையும்போது தேங்கிய தண்ணீர் முழுவதும் பாய்ந்து வரும். குழாய்க்கு நேரெதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். கீழ்ப்பக்கக் குழாயின் வாயில் ஒரு பழைய கம்பிவலையைப் பிடித்துக்கொண்டால் வருகிற கட்டிகள் அடுத்த குழாயில் போய் அடைக்காது. மேலே மிதக்கிற கொழுப்புப் பாளத்தை நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையால் எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கடைசியில் பத்து வாளித் தண்ணீர்.

பிளாச்சில் மெல்லிய வேர் சுற்றிக்கொண்டு வந்தால் விஷயம் வேறு. பக்கத்தில் உள்ள மரத்தின் வேர் குழாய் இணைப்பின் வழியாக உள்ளே புகுந்திருக்கிறது. இன்றைக்கு வெட்டினாலும் மீண்டும் வளரும். அந்த இணைப்பைத் தோண்டி மாற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அடைத்தால், வேர் இல்லாவிட்டால் வாட்டம் போதாது. நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பது அடி நீளத்துக்கு ஓரடி இறக்கம் என்பது கொத்தனார்கள் வைக்கும் பழைய கணக்கு.

செப்டிக் டேங்க்கில் யாரும் இறங்கக் கூடாது

செப்டிக் டேங்க் வீடுகளில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கசடு எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் எல்லாச் சேம்பரும் நிரம்பி நிற்கும், எவ்வளவு குத்தினாலும் இறங்காது. கழிவுநீர் லாரியை வரவழைத்துக் குழாய் விட்டு உறிஞ்சச் செய்யுங்கள். 14420 என்ற எண்ணில் அழைத்தால் உரிமம் பெற்ற வாகனத்துக்கு வழி சொல்வார்கள். அடியில் கொஞ்சம் கசடு மிஞ்சட்டும். அதில் உள்ள நுண்ணுயிர்களிலிருந்துதான் தொட்டி மறுபடியும் வேலை செய்யத் தொடங்கும். பிளீச்சிங் பவுடரைக் கிலோக்கணக்கில் கொட்டினால் அந்த நுண்ணுயிர்கள் செத்துப்போகும்.

லாரி வர நேரமாகும், ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் ஒருவர் இறங்கி எடுத்துவிடுவார் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இறங்கியவர் சில நிமிடங்களில் மயங்குவார். தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் மயங்குவார். தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் இது தெரியாததல்ல. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகளும் முறைகளும் இல்லாமல் மனிதரைச் செப்டிக் டேங்க்கிலோ சாக்கடையிலோ இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆளை அமர்த்துகிற வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு வழங்கும் இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தச் சொன்னது.

மழைத் தண்ணீர்

செப்டம்பரிலேயே மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். மழைநீர் இறங்கும் ஓட்டைகளில் வேப்பிலையும் உடைந்த ஓட்டுத்துண்டும் அடைத்திருக்கும். அள்ளிவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கீழே எங்கே வருகிறது என்று பாருங்கள். மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்கு வர வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயம். தொட்டியில் மேலே உள்ள மணலில் வண்டல் படிந்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் குளமாக நிற்கும். மேல் அடுக்கை அள்ளிக் கழுவியோ மாற்றியோ போட வேண்டும்.

மாடித் தண்ணீர் அந்தத் தொட்டிக்கு வராமல் சேம்பரில் போய்ச் சேர்ந்தால் யாரோ சோம்பேறித்தனமாக மழைக் குழாயைக் கழிவுநீரோடு இணைத்திருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் இப்படிச் செய்தால், பெருமழையில் தெருக் குழாய் கொள்ளாமல் எதிர்த்துத் தரைத்தளக் கழிப்பறைகள் வழியாக வீட்டுக்குள் ஏறும். வேளச்சேரி போன்ற தாழ்வான இடங்களில் தரைத்தளத்தில் இருந்தால், கடைசிச் சேம்பருக்கு அப்பால், தண்ணீரைத் திரும்பி வரவிடாத ‘நான்-ரிட்டர்ன் வால்வு’ பொருத்த முடியுமா என்று உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள்.

கொல்லையில் தண்ணீர் நின்றால், ஓரடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரை மணலில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வற்றிவிடும்; அங்கே உடைகல் போட்ட உறிஞ்சு குழி பலன் தரும். மறுநாளும் நின்றால் களிமண். அங்கே குழி தோண்டினால் இன்னொரு குட்டைதான் கிடைக்கும். மண் போட்டு மேடாக்கி, வாட்டத்தை வாசல் பக்கம் கொண்டுபோங்கள்.

கொசு

சாக்கடையை மூடிவிட்டால் டெங்கு வராது என்று நம்புகிறவர்கள் நிறைய. சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் பெருகுவது கியூலக்ஸ். இரவில் கடித்துத் தூக்கத்தைக் கெடுக்கும், யானைக்காலைப் பரப்பும். அதற்கு செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டுவதே பெரிய மருந்து. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். வீட்டைச் சுற்றி நிற்கிற தெளிந்த தண்ணீரில் வளரும். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸுக்கு, மூடி சரியில்லாத மேல்நிலைத் தொட்டியும் கிணறும் பிடித்த இடங்கள்.

ஏடிஸ் முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கவிழ்த்தால் சங்கிலி அறுந்துவிடும். பூந்தொட்டித் தட்டு, மணி பிளாண்ட் பாட்டில், ஏசி தண்ணீர் பிடிக்கும் வாளி, சன்ஷேடின் மேல் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுரல். எல்லோரும் மறப்பது ஃபிரிட்ஜின் பின்னால் அடியில் உள்ள தட்டை. கவிழ்த்தால் மட்டும் போதாது. ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடாது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும்; காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழையில் பொரியும். நார் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

யாரை அழைப்பது, யார் செலவு

கழிவுநீரும் மழைநீரும் வெவ்வேறு அலுவலகங்களின் பொறுப்பு. தெருவில் பாதாளச் சாக்கடை பொங்கினால், அல்லது உங்கள் கடைசிச் சேம்பர் இறங்கவில்லை என்றால், குடிநீர் வாரியத்தின் 1916. மழைநீர் வடிகால் அடைத்துச் சாலையில் தண்ணீர் நின்றால், அல்லது கொசு மருந்து அடிக்க வேண்டும் என்றால், மாநகராட்சியின் 1913. மாற்றி அழைத்தால் ஒரு நாள் வீணாகும். அழைக்கும்போது, ‘சாக்கடை அடைத்திருக்கிறது’ என்று மட்டும் சொல்லாமல், ‘வீட்டின் கடைசிச் சேம்பர் நிரம்பியிருக்கிறது, தெருவில் உள்ள மூடியிலும் தண்ணீர் மேலே நிற்கிறது’ என்று சொல்லுங்கள். இயந்திரத்தோடு வர வேண்டுமா, ஆள் வந்து பார்த்தால் போதுமா என்பது அதிலிருந்துதான் முடிவாகும்.

வாடகைதாரர்களுக்கு ஒன்று. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, கழிவுநீர்ப் பாதையைச் சுத்தம் செய்வது குடியிருப்பவரின் செலவு. குழாயை மாற்றுவது உரிமையாளரின் செலவு. வேர் புகுந்த குழாய், வாட்டம் தவறிய குழாய் எல்லாம் இரண்டாவது வகை. ஆகவே ஒவ்வொரு முறை அடைப்பு எடுக்கும்போதும் சேம்பரையும் வெளியே வந்ததையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறையும் அதே இடத்தில் வேர் வந்தால், குழாயை மாற்றச் சொல்லி உரிமையாளரிடம் பேச அந்தப் படங்கள் போதும்.

1916-இல் கொடுக்கும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். புகார் முடிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்ததும் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். இறங்கியிருக்கவில்லை என்றால் புதுப் புகாராகக் கொடுக்காமல், பழைய எண்ணைச் சொல்லியே மறுபடி அழையுங்கள்.